தேன்மொழி டீச்சரின் இரண்டாவது பிரேக்

“கிளட்ச்சைப் பாதி விடுங்கண்ணே. பாதி... அலமாக், முழுசா விட்டுட்டீங்க! சரி, ஹேண்ட் பிரேக்கை இழுங்க. மூச்சு விடுங்க. அஞ்சாவது பெர்க்காரா என்ன சொல்லுது?”

சிமெண்டு மேட்டின் நடுவில் வண்டி அணைந்து நிற்கிறது. பின்னால் காத்திருக்கும் பயிற்சிக் கார்களில் ஒன்று ஹாரன் அடிக்கிறது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த நேரத்தில் மலேசிய அரசியலமைப்பின் ஐந்தாவது பிரிவு என்ன சொன்னால் எனக்கென்ன? ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் பதில் வராமல் விடமாட்டார். “சட்டப்படி இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க முடியாது” என்று முனகுகிறேன்.

“ஆங்! பின்னாடி ஹாரன் அடிக்கிறவனாலயும் முடியாது லா. இப்ப சாவியைத் திருப்புங்க.”

எப்படியோ வண்டி மேட்டில் ஏறிவிடுகிறது. பயந்துபோன ஆளுக்கு இஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு ஏதாவது காதில் விழ வேண்டும் என்பது தேன்மொழி டீச்சரின் கட்சி. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களில் சிலர் வானொலியைப் போடுவார்கள், சிலர் திட்டுவார்கள். இவர் அரசியலமைப்பைப் போடுகிறார்.

ஜோகூர் மாநிலத்தின் குளுவாங் பட்டணத்தைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் யாரைக் கேட்டாலும் அவரைக் காட்டுவார்கள். காட்டவே வேண்டியதில்லை, குரலே வழி சொல்லிவிடும். பெயரைக் கேட்டுவிட்டுத் தேன் ஒழுகும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இடது கை வலது கையைவிட நன்றாகக் கறுத்திருக்கும். ஆசிரியர் இருக்கை இடப்பக்கம், ஜன்னலோரம். ஜோகூர் வெயில் அந்த ஒரு கையை மட்டும் வருடக்கணக்கில் வறுத்திருக்கிறது. “கல்யாணத்துக்கெல்லாம் போனா இடது பக்கம் யாரும் போட்டோ எடுக்காதீங்கன்னு சொல்லிடுவேன்” என்பார்.

பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் சொதப்பினால் அவர் மிதிக்கலாம். டீச்சரின் வலது கால் அதன்மேல் இல்லாத நேரத்தை நான் பார்த்ததில்லை. இந்தப் பழக்கம் காரோடு நின்றுவிடவில்லை. கோயில் பந்தியில் உட்கார்ந்திருப்பார், எதிரில் யாரோ ‘பையன் வேலையை விட்டுட்டு யூடியூப்பில் இறங்கப்போகிறான்’ என்பார். மேசைக்கு அடியில் டீச்சரின் வலது கால் தரையை அழுத்தும். கோப்பிக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் கையைச் சற்று அதிகமாக உயர்த்தினாலும் அழுத்தும். “நான் மிதிக்கலண்ணே, அது தன்னால போகுது.”

நான் ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன். இத்தனை வருடம் மனைவி ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து வழி சொல்லியே காலத்தைத் தள்ளிவிட்டேன். அவளுக்குக் கண்புரை அறுவை என்றதும் வீட்டில் தீர்ப்பு வந்தது: “ஒண்ணு லைசன்ஸ் எடுங்க, இல்ல சைக்கிள் வாங்குங்க.” அப்படித்தான் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பத்தாவது பெர்க்காரா தெரியுமா? உங்க பெர்க்காரா அது. பேச்சுச் சுதந்திரம்.” தெரியாது என்றேன். முன்பெட்டியைத் திறந்தார். திருநீற்றுப் பொட்டலம், டிஷ்யூ, தூக்கம் வருகிற மாணவர்களுக்கான புளிப்பு மிட்டாய், இவற்றுக்கடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கூட்டரசு அரசியலமைப்புப் புத்தகம். மழையில் நனைந்து உப்பியிருந்தது.

அவரைப் பெரிய சட்ட மேதை என்று நினைத்துவிட வேண்டாம். எண்களை மாற்றிச் சொல்வார், தன் வாசிப்பே சரி என்று சண்டைக்கு நிற்பார், பிறகு வழக்கறிஞர் ஷஹீராவிடம் கேட்டுவிட்டு வந்து “நேத்து நான் சொன்னதை அழிச்சிடுங்க” என்பார். ஷஹீராவும் அவருடைய பழைய மாணவிதான். பக்கவாட்டில் வண்டி நிறுத்தும் பரீட்சையில் இரண்டு முறை கம்பத்தை இடித்தவர். இப்போது குளுவாங்கில், தன் அத்தாவின் ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். டீச்சர் இவருக்கு வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்தார், இவர் டீச்சருக்குத் தீர்ப்பு படிக்கக் கற்றுக்கொடுத்தார். யாருக்கு அதிகப் பொறுமை தேவைப்பட்டது என்பதில் இருவருக்கும் இன்னும் தகராறு.

மாணவர்களுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. ஒரு மலாய்ப் பெண், தன்னைவிட இன்னொருத்திக்கு ஒரு சுற்று கூடக் கொடுத்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு, டீச்சரைப் பார்த்து, “சிக்கு! பெர்க்காரா லாப்பான்!” என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன். எட்டாவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு சுற்று கூடக் கிடைத்தது.

இந்தப் பித்து அவரைப் பிடித்தது ஒரு புதன்கிழமையால்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு டீச்சர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கணவர் சபாபதி பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அவருக்கும் சிங்கப்பூரில்தான், கப்பல் பட்டறையில் வேலை. இந்தியக் குடிமகன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம் இல்லையா? டீச்சருக்குத் தாய் வீடு குளுவாங்குக்குப் பக்கத்தில், பாலோவில். செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியைக் கட்டித் தயாராக நின்றார். பாலோவிலிருந்து அம்மாவின் போன் வந்தது. “செவ்வாக்கெழமை வாயும் வயிறுமா இருக்கிறவ வாசப்படி தாண்டுவாளா? பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? நாளைக்கு வா.”

மறுநாள் மாலை பஸ் ஏறினார். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜோகூர் பாலத்தில் நெரிசல். வேலை முடிந்து திரும்பும் சனத்தோடு பஸ் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றுவிட்டது. நாள் முந்தி வலி வந்துவிட்டது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மலாய்த் தாதி ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் சால்வைகளையும் ஜாக்கெட்டுகளையும் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஆண்கள் முன்பக்கம் போய் ஓட்டுநரைச் சுற்றி, கடலைப் பார்த்து நின்றார்கள். பின்சீட்டில் குழந்தை அழுததும் பஸ் முழுக்கக் கைதட்டியது.

“பஸ்ஸோட மூக்கு ஜோகூர்ல இருந்துச்சுண்ணே. நான் பின்சீட்டுல, சிங்கப்பூர்ல.”

இந்தக் கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பஸ் கொஞ்சம் முன்னேறிவிடும். கடைசியாகக் கேட்டபோது ஓட்டுநர் ஏறக்குறைய ஜோகூர் பாருவில் இறங்கிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எப்படியோ, ஆம்புலன்ஸ் வந்தது சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து. பிறப்புப் பத்திரமும் அங்கேதான்.

மலேசியாவுக்குள் பிறந்து, தாய் தகப்பனில் ஒருவர் குடிமகனாக இருந்துவிட்டால் போதும், பிள்ளை தானாகவே இந்நாட்டுக் குடிமகன். வெளியே பிறந்துவிட்டால், அப்போது எழுதியிருந்தபடி, தகப்பன் குடிமகனாக இருக்க வேண்டும். தாய் போதாது. செவ்வாய்க்கிழமையே கிளம்பியிருந்தால் குளுவாங் ஆஸ்பத்திரியில் பிறந்து, அழுகிற முதல் அழுகையிலேயே மலேசியராகியிருக்க வேண்டிய லோஷினி, புதனுக்குக் காத்திருந்ததால் இந்தியக் கடப்பிதழோடும் வருடாவருடம் புதுப்பிக்கிற விசாவோடும் குளுவாங்கில் வளர்ந்தாள். புதன் கிடைத்தது, பொன் கைநழுவிப் போனது.

பதிவிலாகாவில் அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னாராம், அரசியலமைப்பில் அப்படித்தான் இருக்கிறது, அக்கா, நான் என்ன செய்ய என்று. “அவர் மேல தப்பு இல்ல. ஆனா எம்புள்ளையை வேணாங்கிற புஸ்தகத்தை நான் ஒரு தடவையாவது பாக்க வேணாமா?” அன்றைக்கே கடைக்குப் போய் வாங்கிவிட்டார். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இங்கே வந்து, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்த புதிது. மாணவர்கள் சுற்று போகும் இடைவெளியில், முட்டி மோதிப் படிக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் மத்தியானம், புத்தகத்தின் பின்பகுதி அட்டவணையில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. பதிவு செய்யப்பட்ட கப்பலிலோ விமானத்திலோ பிறந்த பிள்ளை, அந்தக் கப்பலோ விமானமோ எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கே பிறந்ததாகக் கருதப்படும். டீச்சர் அந்த வரியைப் படித்தார். பிறகு பயிற்சிக் காரில் ‘எல்’ பலகையோடு அப்படியே, மாணவனையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, ஷஹீராவின் அலுவலகத்துக்கு ஓட்டினார். மாடிப்படியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டாராம்: “ஷஹீரா! அந்த பஸ்ஸு ஜே பிளேட்டு!”

ஜே என்றால் ஜோகூர். பஸ் ஜோகூரில் பதிவானது. ஆகவே பிள்ளை ஜோகூரில் பிறந்தது. ஆயிற்றா?

ஷஹீரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “அக்கா, இது முட்டாள்தனமில்ல. ஆனா கோர்ட்டுல நிக்காது. கப்பலையும் பிளேனையும் ஏன் சொன்னாங்க? நடுக்கடல்லயும் ஆகாயத்துலயும் பொறந்தா, அது எந்த நாட்டு மண்ணுமில்ல. அதான். பஸ்ஸு எப்பவும் யாரோ ஒருத்தரோட மண்ணுலதான நிக்கும்?”

டீச்சர் ஒரு வாரம் ஷஹீராவோடு பேசவில்லை. அதன்பிறகு கேசரியோடு போய் ராஜியானார். “அன்னைக்குத்தாண்ணே எனக்குத் திறந்துச்சு. வார்த்தையை மட்டும் பாத்தா பத்தாது. அது எதுக்காக அங்க வந்து ஒக்காந்திருக்குன்னு பாக்கணும்.”

எனக்கும் இந்தப் பாடத்தை வண்டியிலேயே நடத்தினார். நிலையத்திலிருந்து சாலைக்கு வரும் ஒரு கிளைப் பாதையின் முகப்பில் ‘லோரி நுழையக் கூடாது’ என்று பலகை இருக்கிறது. அங்கே என்னை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

“நெருப்பு வண்டி லோரியா இல்லையாண்ணே?”

“லோரிதான்.”

“அப்ப உள்ள ஒரு வீடு எரிஞ்சா?”

“அது போகலாம். பொது அறிவு.”

“பொது அறிவுக்கு நம்பர் கிடையாது. பலகையை ஏன் வச்சாங்கன்னு கேளுங்க. சத்தம் கூடாதுன்னு வச்சிருந்தா, நெருப்பு வண்டி போகலாம். சரியா?”

“சரி.”

“உள்ள இருக்கிற சின்னப் பாலம் தாங்காதுன்னு வச்சிருந்தா? அதே நெருப்பு வண்டி ஆத்துக்குள்ள!” என்று சொல்லிவிட்டு, ஏதோ நானே அந்த வண்டியை ஆற்றில் இறக்கியது போல என்னைப் பார்த்தார். “காரணத்தைத் தேடுனா எப்பவும் நமக்குச் சாதகமாத்தான் வரும்னு நெனைக்காதீங்க. எனக்கே அப்படித்தான் ஆச்சு.”

கோலாலம்பூரில், இவரைப் போலவே வெளிநாட்டில் பிள்ளை பெற்ற சில தாய்மார்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். இவர் அதில் இல்லை. ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழக்கைத் தேர்தல் முடிவு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். உயர்நீதிமன்றம் தாய்மார்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ‘தகப்பன்’ என்ற சொல்லைத் தனியாகப் பிடுங்கிப் படிக்கக் கூடாது, ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்கிற எட்டாவது பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும், அப்படிப் படித்தால் தாயும் அதற்குள் அடக்கம் என்றது. டீச்சர் ஒரு பெரிய சட்டி நிறையக் கேசரி கிண்டிப் பயிற்சி நிலையம் முழுக்கக் கொடுத்தார். அன்றைக்குப் பரீட்சைக்கு வந்து தோற்றவர்களுக்கும் கொடுத்தார்.

மறுவருடம் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. மூன்று நீதிபதிகளில் இருவர், சொல் தெளிவாக இருக்கிறது, அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றார்கள். ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் டீச்சர் எல்லா மாணவர்களுக்கும் வண்டியைப் பின்னால் எடுப்பதை மட்டுமே சொல்லிக்கொடுத்தாராம்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். டீச்சர்தான் என்னை அடக்கினார். “அவங்க சொல்றதுலயும் ஒண்ணு இருக்குண்ணே. நீதிபதி இஷ்டத்துக்கு எழுத ஆரம்பிச்சா, இன்னைக்கு எனக்குப் புடிச்சதை எழுதுவாரு. நாளைக்கு?” அடுத்த மூச்சிலேயே, “ஆனா நான் அந்த மூணாவது ஆளு கட்சி. அவரு எழுதுனதைப் படிச்சப்ப அழுதுட்டேன். மூணுல ஒண்ணு நம்ம பக்கம்” என்றார்.

அந்தச் சொல் அவரோடு தங்கிவிட்டது. மேடு, பக்கவாட்டு நிறுத்தம், மூன்று முனைத் திருப்பம் என்று பரீட்சையில் மூன்று கண்டம். நான் முதல் தடவை மேட்டில் மட்டும் தேறி, மற்ற இரண்டிலும் கோட்டை விட்டுத் தலை தொங்கி வந்தபோது என் தோளில் தட்டினார். “மூணுல ஒண்ணு நம்ம பக்கம்ணே. மறுபடி போலாம்.”

லோஷினியை ஒரு நாள் நிலையத்தில் பார்த்தேன். கால் நீண்ட பெண், பள்ளி ஓட்டப் பந்தயங்களில் முதலாவதாக வருகிறவள். தமிழும் மலாயும் குளுவாங் வாடை. சனிக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கத் தாயோடு சிங்கப்பூர் போய்வருவாள். திரும்பும்போது குடிநுழைவில் மலேசியர்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. மலேசியர் வரிசை சரசரவென்று நகரும். டீச்சர் ஒரு முறைகூட அதில் நின்றதில்லை. அதிகாரிகள் கூப்பிட்டு, நீங்கள் இந்தப் பக்கம் வரலாமே என்பார்கள். “எம்புள்ள நிக்கிற எடத்துலதான் நான் நிப்பேன்” என்று, நீண்டு கிடக்கும் அந்நியர் வரிசையிலேயே நின்று வருவார்.

இந்த வருடம் லோஷினிக்குப் பன்னிரண்டு. இந்நாட்டில் பன்னிரண்டு வயதில் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுப்பார்கள். வகுப்பில் ஒவ்வொருவராகப் போய் எடுத்துக்கொண்டு வந்து, படம் கோணலாக விழுந்திருப்பதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாலை லோஷினி வீட்டில் கேட்டாள்: “அம்மா, எனக்கு எப்ப கோணலாப் படம் எடுப்பாங்க?” டீச்சர் அப்போது அடுப்பு முன்னால் நின்றிருந்தார். “நின்னுக்கிட்டே மிதிச்சேண்ணே. தரைதான் இருந்துச்சு” என்றார் என்னிடம். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தத்தான் செய்தது. இனி வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் குடிமகளாக இருந்தாலும் போதும். ஆனால் அது இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு. லோஷினிக்கு அதில் ஒன்றுமில்லை. அந்தச் செய்தி வந்த மறுநாளும் டீச்சர் கேசரி கிண்டினார் என்று ஷஹீரா சொன்னார். எனக்குப் புரியவில்லை. தனக்குக் கிடைக்காததற்கு யாராவது கேசரி கிண்டுவார்களா என்று டீச்சரிடமே கேட்டுவிட்டேன்.

“இனிமே எவளும் புதன்கெழமைக்குக் காத்திருந்து மாட்டிக்க மாட்டா இல்ல?”

இப்படிப்பட்ட மனுஷியிடம் மூன்று முனைத் திருப்பம் கற்றுக்கொள்ள எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது ஒரே வழி. பதினைந்தாவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. தாய் தகப்பனில் ஒருவர் குடிமகனாக இருந்தால், இருபத்தொரு வயதுக்குட்பட்ட பிள்ளையை அரசாங்கம் குடிமகனாகப் பதிவு செய்யலாம். செய்யலாம் என்றுதான் இருக்கிறது. ஷஹீரா இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் காரணம் சொல்லாமல் திரும்பிவந்தது. மூன்றாவது முறை விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள். “மூணுல ஒண்ணு” என்று டீச்சர் இப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார்.

நான் ஒருவழியாக உரிமம் வாங்கி, மனைவியின் காரில் புது ஓட்டுநருக்கான ‘பி’ ஒட்டிக்கொண்டு காய்கறிச் சந்தைக்கும் வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்த வாரத்தில் டீச்சரின் போன் வந்தது. காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“அண்ணே, கூப்பிட்டாங்க! ஒப்புதல் வந்துடுச்சாம்! புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஜோகூர் பாருக்கு வரச் சொல்லிட்டாங்க. எப்பன்னு கேளுங்க. செவ்வாக்கெழமை! மூணு மணி! சரியா ராகு காலம்!”

“அம்மா ஒண்ணும் சொல்லலையா?”

“பாலோவுல இருந்து போன் வந்துச்சு. எடுக்கல.” சிரிப்பு அடங்கியதும், “நீங்கதாண்ணே ஓட்டணும். என் கையில அன்னைக்கு ஸ்டீரிங் குடுக்காதீங்க. கட்டுரை எழுதறேன்னு சொன்னீங்கல்ல, வந்து பாருங்க. உங்களுக்கும் ஹைவே பழகுன மாதிரி ஆச்சு” என்றார்.

என் மனைவியின் காரில் இடப்பக்கம் பிரேக் கிடையாது. அது டீச்சருக்குத் தெரியும், அவருடைய வலது காலுக்குத் தெரியாது. சிம்பாங் ரெங்கம் சாவடியில் நெடுஞ்சாலை ஏறியதிலிருந்து கால்மிதியை அவர் மிதித்த மிதியில், அது சுருண்டு இருக்கைக்கு அடியில் போய்விட்டது. “லோரி... லோரி... அண்ணே, பெரிய லோரி!” பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் லோஷினி. “அம்மா, பெர்க்காரா அஞ்சு. அங்கிளைச் சுதந்திரமா விடுங்க” என்றாள். டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய ஆயுதம் அவர் மேலேயே பாய்ந்திருக்கிறது.

பதிவிலாகாவில் சபாபதி எங்களுக்கு முன்பே வந்திருந்தார், பாலத்தைத் தாண்டி, தேய்த்த சட்டையும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையுமாக. பெண்ணைப் பார்த்ததும் அவளுடைய காலரைச் சரிசெய்தார். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது. எண் வந்ததும் நால்வரும் எழுந்து முகப்புக்குப் போனோம். எனக்கு அங்கே வேலையில்லை என்பது நடுவழியில்தான் உறைத்தது, ஆனால் திரும்பவில்லை. வயதான மலாய் அதிகாரி. லோஷினியின் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார், படம் எடுத்தார். கோணல்தான். பிறகு குடியுரிமைப் பத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொடுத்து, “தாஹ்னியா, அடெக்” என்று வாழ்த்தினார்.

டீச்சர் பத்திரத்தைத் தொடவில்லை. “எந்தப் பெர்க்காராவுல வந்திருக்கு, துவான்?” என்று மலாயில் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே விரல் வைத்துக் காட்டினார். பதினைந்து, இரண்டு. டீச்சர் குனிந்து படித்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் கையில் வாங்கினார்.

வெளியே வாகன நிறுத்துமிடத்தில் சபாபதி ஒரு தூண் பக்கம் திரும்பி நின்று அழுதார். லோஷினி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் போனில் ஷஹீராவிடம் கத்திக்கொண்டிருந்தார்: “இது தயவு, உரிமையில்ல. தெரியும், தெரியும். வாங்கிக்கிட்டேன். சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். ஆனா வித்தியாசம் தெரிஞ்சு வாங்கிக்கிட்டேன்னு எழுதி வச்சிக்கோ!” பக்கத்துக் காரில் ஏறப்போன சீனப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். என்ன விஷயம் என்று லோஷினி மலாயில் சொன்னதும், அவரும் கையைத் தட்டினார். பஸ்ஸில் கைதட்டிய சனம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சபாபதி பாலத்தை நோக்கிப் போனார். நாங்கள் குளுவாங்குக்குத் திரும்பினோம்.

கூலாயைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை. துடைப்பான் இப்படி ஒதுக்கினால் அப்படி மூடுகிற மழை. இருபக்கமும் லோரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. நெடுஞ்சாலையில் மழையில் ஓட்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்து வரப்போகும் குரலுக்காகக் காத்திருந்தேன். பெர்க்காரா எதையாவது கேட்டால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை.

“டீச்சர்?”

பின்சீட்டிலிருந்து லோஷினிதான் முன்னால் எட்டிப் பார்த்தாள். பத்திரத்தைச் சீருடைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தாள். “உஷ், அங்கிள்” என்றாள்.

ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கை மேலே தூக்கி, வீட்டுத் தரையில் உட்கார்வது போலச் சம்மணம் போட்டிருந்தார். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. கறுத்த இடது கை மடியில் மலர்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. நான் பிரேக்கை மிதித்தேன். டீச்சரின் கால் அசையவில்லை.